மூக்கன் போட்ட மதிப்பெண்

கொளஞ்சியின் வயலை முதன்முதலாக முகர்ந்து பார்த்த அன்றே மூக்கன் மக்கர் செய்தது. வரப்போரமாக நாலடி ஊர்ந்தது, மண்ணுக்குள் குழாயைச் செருகியது, உறிஞ்சியது, வெளியே எடுத்தது, மறுபடி செருகியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் யாரோ, "செத்துடுச்சுடா" என்றார்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் களப்பணியாளன் இருதயராஜ் ஓடிவந்து குனிந்து பார்த்தான்.

"பழுதெல்லாம் இல்லண்ணே. மண்ணுக்குள்ள உசுரோட ஏதாச்சும் இருக்கான்னு தேடுது. கொஞ்ச நேரம் ஆகும்."

பத்து நிமிடம் தேடியது. மற்றவர்களின் வயலில் அரை நிமிடத்தில் முடிந்த வேலை. கடைசியில் அதன் முதுகில் சிவப்பு எழுத்தில் எண் வந்தது: பத்தொன்பது. நூற்றுக்குப் பத்தொன்பது. நொச்சிப்பட்டியே சிரித்தது. அன்றிலிருந்து கொளஞ்சிக்குப் பெயர் 'பத்தொம்போது'.

அது இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம். பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் இந்த இயந்திரங்களை அனுப்பிய முதல் போகம். பூனை அளவுக்கு இருக்கும். வயலுக்கு ஒன்று. நிறுவனம் வைத்த பெயர் ஒரு முழம் நீளம் என்பதால் யாரும் அதைச் சொல்லிப் பழகவில்லை. மண்ணை மோப்பம் பிடிப்பதால் மூக்கன் என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

"இது எதை மோந்து பாக்குது?" என்று கொளஞ்சி கேட்டான். நாற்பத்தாறு வயது, இரண்டு ஏக்கர் மக்காச்சோளம், எதையும் கேலி பண்ணும் வாய். அன்றைக்கு மட்டும் அந்த வாய் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடிக்கணக்குல இருக்குண்ணே. அதுங்களும் மூச்சு விடும். அந்த மூச்சைத்தான் மோந்து பாக்குது" என்றான் இருதயராஜ்.

"அதுங்க மூச்சு விட்டா ஒங்க கம்பெனிக்கு என்ன?"

"உசுரு உள்ள மண்ணு தண்ணிய விடாமப் புடிச்சு வெச்சுக்கும். மழை தவறிப்போனாக்கூட பயிரு இருவத்தஞ்சு, முப்பது நாளு தாக்குப் புடிக்கும். செத்த மண்ணுன்னா ஒரு வாரத்துல சுருண்டுடும். நட்டஈடு குடுக்கற வேலை எங்களுக்குக் கம்மின்னா, ஒங்களுக்குப் பிரீமியமும் கம்மி. அவ்ளோதாண்ணே."

"அப்போ எனக்கு?"

இருதயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒங்களுக்குக் கொஞ்சம் கூட வரும். அது மட்டுமில்ல. செத்த மண்ணுலேர்ந்து புழுதி பறக்கும், பூச்சி கெளம்பும். அதனால ஒங்க வயலைச் சுத்தி உள்ளவங்களுக்கும் கூட வரும். அண்டைவயல் கூடுதல்னு பேரு."

சிரித்துக்கொண்டிருந்த நொச்சிப்பட்டி சட்டென்று சிரிப்பை நிறுத்தியது.

கொளஞ்சியின் மண் செத்ததற்குக் காரணம் கொளஞ்சிதான். பதினைந்து வருடத்துக்கு முன்னால், வீடு கட்டும் அவசரத்தில், மேல்மண்ணை மூன்றடி ஆழத்துக்குச் செங்கல் சூளைக்கு விற்றிருந்தான். கீழே இருந்தது சுண்ணாம்புக்கல்லும் சரளையும். அதற்குப் பிறகு மூட்டை மூட்டையாக உரத்தைப் போட்டு, அந்த வயலிடமிருந்து விளைச்சலை மிரட்டி வாங்கிக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் இது தெரியும். தெரிந்தும் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. அவன் வயல், அவன் பாடு என்று விட்டிருந்தார்கள். அண்டைவயல் கூடுதல் வந்த பிறகு அவன் வயல் எல்லோருடைய பாடுமாக ஆனது.

பக்கத்து வயல் வீரபத்திரனுடையது. ஊரிலேயே அதிக மதிப்பெண் அவருக்குத்தான், தொண்ணூற்றொன்று. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டைவிட்டவர் அவர். வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்த நல்ல மதிப்பெண்ணை விடுவாரா? பேருந்து நிறுத்தத்தில் பேனர் கட்டினார். அதில் அவர் படம், அவர் வயல் படம், நடுவில் பெரிதாக 91. ஓரத்தில் மூக்கன் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

அவர்தான் கூட்டமும் போட்டார்.

"பத்தொம்போதால எல்லாருக்கும் பிரீமியம் ஏறிக் கெடக்குது. ஒண்ணு மண்ணைச் சரி பண்ணு. இல்ல நெலத்த எங்ககிட்ட குடுத்துட்டு வேற சோலியப் பாரு. என்ன சொல்ற?"

"அண்ணே, மண்ணு என்ன ரேஷன் கார்டா, போன கையோட திருத்திக்கிட்டு வர?" என்றான் கொளஞ்சி.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் போகம் வீரபத்திரனின் அறுவடை இயந்திரம் கொளஞ்சி வயலுக்குள் இறங்கவில்லை. கல்யாண வீடுகளில் அவன் மனைவி செங்கமலம் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. அவர்களுடைய மகளைப் பெண் கேட்டிருந்த ஒரு குடும்பம், மாப்பிள்ளைக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பியது. மறுமாதமே அதே மாப்பிள்ளை எழுபத்தாறு மதிப்பெண் வீட்டில் தாலி கட்டினான்.

கொளஞ்சி குறுக்குவழியில் இறங்கினான். மூக்கன் வழக்கமாக வரப்போரம் முகர்வதைக் கவனித்து, அந்த நாலடி அகலத்துக்கு மட்டும் சாணமும் மண்புழு உரமும் வாங்கிக் கொட்டினான். மூக்கன் வந்தது. வரப்போரத்தை ஒரு தரம் முகர்ந்தது. நேராக வயலின் நடுவுக்குப் போய் முகர்ந்தது. பத்தொன்பது பதினாறானது.

"மூணு மார்க்கு ஏன் கொறைச்சுது?" என்று இருதயராஜைக் கேட்டான்.

"ஏமாத்துனதுக்குண்ணே."

"என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லவா ஒங்க கம்பெனி நாலு சக்கரம் வெச்ச பூனைய அனுப்புச்சு?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது செங்கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்:

"பூனை சரியாத்தான் சொல்லியிருக்கு. மகளோட சம்பந்தம் போச்சு. இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க குறுக்க வராதீங்க."

அவள் பேச்சு கத்தரிக்கோல் மாதிரி; வெட்டினால் வெட்டியதுதான். அடுத்த இரண்டு வருடம் அவள் ஊர் ஊராகக் குப்பை பொறுக்கினாள். கல்யாண மண்டபத்து வாழையிலை, கோழிப்பண்ணைக் கழிவு, சந்தையில் மிஞ்சிய அழுகல் காய், கோயிலில் வாடிய மாலை என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் மக்கவைத்து வயலில் கலந்தாள். தழையுரத்துக்காகச் சணப்பு விதைத்து மடக்கி உழுதாள். கொளுஞ்சிச் செடியும் போட்டாள். "பேருதான் கொளஞ்சி. அந்தச் செடி குடுக்கற உரத்துல பாதி கூட நீங்க குடுக்கல" என்று புருஷனை ஒரு இடி இடித்துக்கொண்டே அவன் தலையில் கூடையை ஏற்றிவிட்டாள். வயல் நாறியது. கொளஞ்சியும் நாறினான். பேருந்தில் அவனுக்கு மட்டும் எப்போதும் இடம் கிடைத்தது.

மூக்கன் போட்ட மதிப்பெண் மெல்ல ஏறியது. இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பத்துநாலு. முப்பத்துநாலு வந்த அன்று செங்கமலம் பாயசம் வைத்தாள். முப்பத்தைந்து எடுத்திருந்தால் பாஸாகியிருக்கலாமே என்று கொளஞ்சி சொன்னதற்கு அவனுக்கு மட்டும் பாயசம் கிடைக்கவில்லை.

மூன்றாம் வருடம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை நின்றது. கூடவே அனல்காற்று. பகலில் வெளியே வந்தால் கண்ணிமை காய்ந்து ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு நாள் ஒரு சொட்டு விழவில்லை. கொளஞ்சியின் பயிர் பத்தாம் நாளே சாய்ந்தது. வீரபத்திரனின் பயிர் பதினெட்டு நாள் நிமிர்ந்து நின்றுவிட்டுப் பிறகு காய்ந்தது. கடைசியில் எந்த வயல் எத்தனை மதிப்பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி ஊரே ஒரே நிறமாகிவிட்டது.

நட்டஈட்டுப் பட்டியலோடு இருதயராஜ் வந்தான். பால் சங்கத்துக் கட்டடத்தின் முன்னால் ஊர் கூடியிருந்தது. வீரபத்திரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒங்களுக்கு நட்டஈடு வரல" என்றான் இருதயராஜ், காகிதத்தைப் பார்த்தபடி.

"என்னது?"

"தொண்ணூத்தொண்ணு மார்க்கு மண்ணு இருவத்தெட்டு நாளு தாங்கும்னு கணக்கு. மழை இல்லாதது இருவத்தாறு நாளுதான். அதனால ஒங்க பயிரு சாகல."

"செத்துக் கெடக்குதுடா கண்ணு முன்னாடி!"

"கணக்குப்படி சாகலங்கய்யா."

"அனக்காத்து அடிச்சுதே, அது?"

"அனக்காத்து பாலிசில இல்லங்கய்யா. மழை மட்டுந்தான். மழை இல்லாம சாக வேண்டிய நாளுக்கு முன்னாடியே செத்திருந்தா, சரியாப் பராமரிக்கலன்னு அர்த்தம்னு எழுதியிருக்கு." அவன் குரல் தேய்ந்தது. "நான் எழுதலங்கய்யா."

எழுபதுக்கு மேல் வாங்கிய எல்லோருக்கும் இதே பதில்தான். அறுபது வாங்கியவர்களுக்கு அரைகுறையாக ஏதோ வந்தது. முழு நட்டஈடும் வந்தது ஒரே ஒரு ஆளுக்கு. முப்பத்துநாலு மதிப்பெண் மண் ஒன்பது நாள்தான் தாங்கும்; கொளஞ்சியின் பயிர் கணக்குப் பிசகாமல் நியாயமாகச் செத்திருந்தது.

கொளஞ்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினான். முடியவில்லை. கூட்டத்திலிருந்து எழுந்து போய்ப் பால் கேன்களுக்குப் பின்னால் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

ஒரு வாரம் கழித்து வீரபத்திரனே வீடு தேடி வந்தார். கையில் ஒரு சீப்பு பூவன்பழம்.

"கொளஞ்சி," என்றார். மூன்று வருடம் கழித்து அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. "ஒண்ணு கேக்கணும்ப்பா. மண்ணைக் கெடுக்கறது எப்படி?"

"எதுண்ணே?"

"நல்ல மண்ணு வெச்சிருக்கறவன்தான் முட்டாள்னு ஆகிப்போச்சு. பிரீமியம் கூடக் கட்டினாலும் பரவால்ல, நட்டஈடு வருதுல்ல. நீ எப்படிக் கெடுத்தேன்னு வெவரமாச் சொல்லு. நம்ம ஊர்ல இதுல அனுபவம் ஒனக்குத்தான் இருக்குது."

அதற்கப்புறம் தினமும் யாராவது வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து கொளஞ்சி ஆலோசனை வழங்கினான். உப்புத்தண்ணி பாய்ச்சலாமா என்று கேட்டவரிடம், அது ரொம்ப மெதுவாக வேலை செய்யும் என்றான். வைக்கோலைக் கொளுத்தலாமா என்றவரிடம், அதில் மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் இறங்காது என்றான். வாழ்க்கையில் முதன்முறையாக ஊர் அவன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டது. தேநீர்க்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். செங்கமலம் மட்டும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனாள்.

கடைசியில் எல்லோரும் சுலபமான வழியைப் பிடித்தார்கள். செங்கல் சூளை முதலாளியைக் கூப்பிட்டார்கள்.

பொக்லைன் முதலில் இறங்கியது வீரபத்திரன் வயலில். கொளஞ்சி வேடிக்கை பார்க்கத்தான் போனான். இரும்புக்கை மண்ணைக் கவ்வித் தூக்கியது. கறுத்த மண். பொலபொலவென்று, ஈரம் இன்னும் மிச்சமிருந்த மண். அந்த அனல்காற்றுக்குப் பிறகும் ஈரம். நாலைந்து மண்புழுக்கள் வெளிச்சத்தில் துடித்து, மறுபடி மண்ணுக்குள் போக இடம் தேடின. வீரபத்திரன் வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தகப்பனும் அவரும் ஆட்டுக்கிடை போட்டு, குளத்து வண்டல் அடித்து, நாற்பது வருடம் வளர்த்த மண் அது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் தன் வயலில் இதே சத்தத்தைக் கேட்டது கொளஞ்சிக்கு நினைவு வந்தது. அன்று அவனும் திரும்பித்தான் நின்றான். ஏன் திரும்பி நின்றோம் என்று இதுவரை அவன் யோசித்ததில்லை.

"அண்ணே, வேணாண்ணே," என்றான். "நான் சும்மா நக்கலுக்குச் சொன்னேன். ஒரு தடவ போனா திரும்பாதுண்ணே. செங்கமலம் ரெண்டு வருசம் நாறி நாறி பதினெட்டு மார்க்குதான் ஏத்துனா."

"ஒனக்குப் பணம் வந்துடுச்சு, பேசுவ," என்றார் வீரபத்திரன் திரும்பாமல்.

முதல் லாரி நிறைந்து கிளம்பியது. கொளஞ்சி ஓடிப்போய் அதன் முன்னால் நின்றான். ஓட்டுநர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார்.

"சூளைக்காரரு குடுக்கறதுக்கு மேலயே தரேன். என் வயல்ல கொட்டு."

"மண்ணை வாங்கி என்னய்யா பண்ணப்போற?"

"செங்கல்லு சுடமாட்டேன். கொட்டு."

அன்று மத்தியானம் செங்கமலத்திடம் விஷயத்தைச் சொன்னான். அந்த நட்டஈட்டுப் பணத்தில் மகள் கல்யாணத்தை முடிப்பதாக அவள் எண்ணியிருந்தாள். கேட்டதும் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனாள். கொட்டிக்கிடந்த மண்ணில் ஒரு பிடி அள்ளினாள். முகர்ந்தாள்.

"இத்தன வருசத்துல நீங்க வாங்குனதுல உருப்படியானது இதுதான்" என்றாள். "மகளுக்கு அடுத்த தையில பாத்துக்கலாம். இன்னும் எத்தன லாரி வரும்னு கேளுங்க."

அறுபத்து மூன்று லாரி வந்தது. அதற்கு மேல் பணம் இல்லை. மிச்ச மண் சூளைக்குப் போனது. இரண்டு ஏக்கரிலும் நாலு விரல் உயரத்துக்கு ஊர் மண் பரவியது. அடியில் செங்கமலத்தின் குப்பை மண், மேலே நொச்சிப்பட்டியின் பாதி வயல்கள். இரண்டையும் கலந்து உழுதார்கள்.

அடுத்த போகத்துக்கு மூக்கன்கள் வந்தன. ஊரெங்கும் வயல் வயலாக நின்று, பத்துப் பத்து நிமிடம் தேடின. வீரபத்திரனுக்குப் பதினான்கு. தொண்ணூற்றொன்றுக்குப் பேனர் கட்டியவர் இந்தத் தடவை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஊரே ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டது. கொளஞ்சியின் வயலில் மூக்கன் அரை நிமிடத்தில் வேலையை முடித்தது. எழுபத்தொன்று. "ஐயோ பாவம்" என்றார்கள்.

பதினைந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. இருதயராஜ்தான் வாசித்தான். நாற்பது மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ள எந்த நிலத்துக்கும் இனிமேல் காப்பீடு கிடையாது, நொச்சிப்பட்டியின் காப்பீட்டுக் கணக்கு மூடப்படுகிறது. காப்பீடு இல்லாத நிலத்துக்கு வங்கியில் பயிர்க்கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் விதை இல்லை.

கடிதத்தை ஆளுக்கொரு தரம் வாங்கிப் புரட்டினார்கள்.

"ஒங்களுக்கு மட்டும் உண்டுண்ணே," என்று இருதயராஜ் கொளஞ்சியிடம் காகிதத்தை நீட்டினான். "ஆனா சுத்தி எல்லாம் செத்த மண்ணு. அண்டைவயல் கூடுதல் சேத்து நாலு மடங்கு பிரீமியம் வருது."

கொளஞ்சி அதை வாங்கிப் படித்தான். முதலில் அவன் மண் கெட்டதற்கு ஊர் கட்டியது. இப்போது ஊர் மண் கெட்டதற்கு அவன் கட்ட வேண்டும்.

"தம்பி, அந்தப் பூனையத் தூக்கி வண்டில போடு," என்றான். "இனிமே இந்த மண்ணை நாங்களே மோந்து பாத்துக்கறோம்."

வீரபத்திரன் மறுநாள் காலையில் வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார். கையில் காலிக் கூடை. கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பதினாலு வந்திருக்குதுங்க," என்று செங்கமலம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

கொளஞ்சி வெளியே வந்தான். பதிலுக்கு நக்கலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு பரபரத்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

"பாதி ஒங்க மண்ணுதாண்ணே. மொத்தமாத் திருப்பிக் கேக்கறீங்களா?"

"கேக்க எனக்கு என்ன யோக்கியத இருக்கு? வித்தவன்தானே நான்."

"மொத்தமாக் குடுத்தா ஒங்களுக்கும் பத்தாது, எங்களுக்கும் இருக்காது," என்றாள் செங்கமலம். "ஒரு கூடை எடுத்துக்கங்க. குப்பையையும் எலையையும் மக்க வெச்சு, அதுல இந்த மண்ணைக் கலந்து விடுங்க. பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான். உசுரு பரவும். நாளாகும். நாத்தம் அடிக்கும். பஸ்ஸுல இடம் கெடைக்கும்."

வீரபத்திரன் மண்ணை அள்ளிக்கொண்டு வரப்பில் நடந்தார். தலையில் கூடையோடு அவர் போவதை ஊர் பார்த்தது. மத்தியானத்துக்குள் வாசலில் பதினேழு கூடைகள் வரிசையில் நின்றன.

மூக்கன்களை ஏற்றிக்கொண்டு இருதயராஜின் வண்டி சாயங்காலம் கிளம்பியது. கொளஞ்சி வீட்டைத் தாண்டியதும் நின்றது. இருதயராஜ் இறங்கி வந்தான். கையில் ஒரு பழைய உரச்சாக்கு. மடித்து மடித்துச் சின்னதாக்கி வைத்திருந்தான்.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம் மண்ணு வேணும்."

"ஒனக்கு எதுக்கு தம்பி? கம்பெனிக்கு சோதனைக்கா?"

"இல்லண்ணே. எங்க அப்பாவுக்கு." அவன் சாக்கைப் பிரித்து உதறினான். "மணப்பாறைப் பக்கம் ஒண்ணரை ஏக்கரு இருக்கு. பதினொரு மார்க்கு."

"அங்க மூடலயா?"

"இங்க மூக்கன் வர்றதுக்கு முன்னாடியே, மொதமொத மூடுன ஊரே எங்க ஊருதாண்ணே. மூடுற காயிதத்துல கையெழுத்துப் போட்டது நான்தான்." அவன் தலையைத் தூக்கவில்லை. "அஞ்சு வருசமாச்சு. அப்பா எங்கிட்டப் பேசறதில்ல."

செங்கமலம் சாக்கை அவன் கையிலிருந்து வாங்கினாள். வாயை விரித்துப் பிடிக்கும்படி கொளஞ்சிக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, மண்வெட்டியோடு வயலுக்குள் இறங்கினாள்.